ஃபோர்டு எஃப் வரிசை இரட்டைத் தொட்டிச் சிக்கல்

இரட்டைத் தொட்டிச் சிக்கல் என்பது 1990களின் முற்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவில் விற்பனையான, இரு பெட்ரோல் தொட்டிகள் கொண்ட ஃபோர்டு எஃப் வரிசை பிக்கப் வண்டிகளில் காணப்படும் எரிபொருள் அமைப்புப் பழுது ஆகும். எரிபொருள் வழிந்து தீ விபத்து நேரக்கூடும் என்பதால் ஃபோர்டு நிறுவனம் 1993இல் இவ்வண்டிகளைத் திரும்ப அழைத்தது.

காரணம்

ஒவ்வொரு தொட்டிக்குள்ளும் ஒரு மின் எக்கி உள்ளது. எக்கி தேவைக்கு மிகுதியாகவே எரிபொருளை அனுப்பும்; பொறி பயன்படுத்தாத பகுதி அதே தொட்டிக்குத் திரும்ப வேண்டும். மற்றத் தொட்டியின் திரும்புவழியை ஒரு வால்வு மூடியிருக்கும். அது தேய்ந்தாலோ, தூசு சிக்கினாலோ எரிபொருள் அத்தொட்டியில் சேரும்.

கண்டறிதல்

* சிறிது தொலைவு ஓட்டியபின் தொட்டித் தேர்வுப் பொத்தானை மாற்றினால், பயன்படுத்தாத தொட்டியின் அளவு கூடியிருப்பதை எரிபொருள்மானி காட்டும்.
* ஒரு தொட்டியில் மட்டும் பொறி இயங்காவிடில், அத்தொட்டியின் எக்கியை முதலில் ஐயுறலாம்.
* இரண்டிலும் இயங்காவிடில் ரிலே, எரிபொருள் வடிகட்டி, மோதலின்போது எக்கியை நிறுத்தும் சுவிட்ச் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

தீர்வு

பழுதான எக்கித் தொகுதியை மாற்றுவதே நிலையான தீர்வு. அதுவரை இரு தொட்டிகளிலும் உள்ள மொத்த எரிபொருள், சிறிய தொட்டியின் கொள்ளளவை மிஞ்சாமல் வைத்திருந்தால் வழிதல் தவிர்க்கப்படும். தொட்டியை இறக்குமுன் குழாய் அழுத்தத்தை வெளியேற்றி, மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றுதல் அவசியம்.