பிள்ளைகளுக்கு வரலாறு கற்பிக்க நான்கு பெரிய கேள்விகள்

பிராங்பேர்ட்டில் வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு வரலாறுகள் கிடைக்கின்றன. ஒன்று பாடசாலையில் டொச் மொழியில். மற்றது வீட்டிலும் தமிழ்ப் பள்ளியிலும் தமிழில். முதலாவதில் கேள்வி கேட்கப் பழக்கப்படுகிறார்கள். இரண்டாவதில் பெரும்பாலும் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறார்கள். இப்படியே போனால் எங்கள் வரலாறு அவர்களுக்கு ஒரு மேடைப் பேச்சாகவே நின்றுவிடும்.

யேர்மனியின் அரசியல் கல்விக்கு 1976 இல் பொய்ற்றல்ஸ்பாக் என்ற ஊரில் கூடிய கல்வியாளர்களின் இணக்கம் அடிப்படையாக உள்ளது. அதில் மூன்று விதிகள்: ஆசிரியர் தன் கருத்தை மாணவர்மேல் திணிக்கக்கூடாது; சர்ச்சைக்குரியதைச் சர்ச்சைக்குரியதாகவே வகுப்பில் வைக்கவேண்டும்; மாணவர் தன் நிலையைத் தானே ஆராய்ந்தறியும் திறன் பெறவேண்டும். இவற்றை மனதில் வைத்துக் கீழ்க்காணும் கேள்விகளைப் பயன்படுத்தலாம்.

சான்று. 1981 இல் யாழ். பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. பிராங்பேர்ட் பழைய யூத மயானத்தின் சுற்றுமதிலில், நாசிகளால் கொல்லப்பட்ட இந்நகர யூதர்கள் ஏறத்தாழ 12,000 பேரின் பெயர்கள் சிறு கட்டைகளில் பதிக்கப்பட்டுள்ளன. கேள்வி: ஆவணங்கள் அழிந்தபின் ஒரு சமூகம் தன் கடந்தகாலத்தை எதைக்கொண்டு நிறுவும்?

காரணம். 1983 ஜூலை வன்முறை, 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டதன் பின் தொடங்கியது. ஆனால் 1956 இன் தனிச் சிங்களச் சட்டமும், 1970களின் பல்கலைக்கழகத் தரப்படுத்தலும் அதற்கு முந்தியவை. கேள்வி: தூண்டுதலுக்கும் காரணத்துக்கும் வேறுபாடு என்ன?

பொறுப்பு. அவுஸ்விற்ஸ் முகாமில் பணியாற்றியவர்கள் மீதான வழக்கு 1963 டிசெம்பரில் பிராங்பேர்ட்டில் தொடங்கி 1965 ஓகஸ்டில் முடிந்தது. 350க்கும் மேற்பட்டோர் சாட்சியமளித்தனர். இதற்கு வழிவகுத்த அரச வழக்கறிஞர் பிரிற்ஸ் பவர், தானும் டென்மார்க்கிலும் சுவீடனிலும் அகதியாக வாழ்ந்து திரும்பியவர். கேள்வி: கட்டளைக்குக் கீழ்ப்படிந்தேன் என்பது ஒருவரின் பொறுப்பைக் குறைக்குமா? போர் முடிந்து 18 ஆண்டுகளின் பின் நடக்கும் விசாரணையால் யாருக்குப் பயன்?

பல பார்வைகள். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை விடுதலைப்புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் சில மணிநேரமே. கேள்வி: எங்கள் இழப்பைச் சொல்லும்போது எங்கள் தரப்பால் மற்றவர் இழந்ததையும் சொல்ல முடியுமா? சொன்னால் எங்கள் நியாயம் குறைகிறதா, வலுப்பெறுகிறதா?

இந்த நான்காவது கேள்வியே பெற்றோருக்குக் கடினமானது. அதைத் தவிர்த்தாலும், இணையத்தில் தேடத் தெரிந்த பிள்ளை ஒருநாள் அதைக் கண்டுபிடிக்கத்தான் போகிறது. அன்று, மறைத்த எங்களின் மற்றச் சொற்களையும் அது சந்தேகிக்கும்.

ஒரு வகுப்புக்கு ஒரு கேள்வி போதும். பதின்வயதினருக்கே இவை பொருந்தும். முதலில் ஒரு படத்தையோ, பழைய கடிதத்தையோ, கடவுச்சீட்டையோ மேசையில் வையுங்கள். இதை ஆக்கியவர் யார், எதற்காக, இதில் இல்லாதது எது என்று கேளுங்கள். பிறகு அம்மம்மா, தாத்தாவிடம் பேசிக் குறிப்பெடுத்துவரச் சொல்லுங்கள். பேச விரும்பாதவரை வற்புறுத்த வேண்டாம். அந்த மௌனம் ஏன் என்பதும் பிள்ளைகள் சிந்திக்க வேண்டிய கேள்விதான்.