படிவம் எழுதியவர்கள்

ஹேவாஹெட்டவுக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் லூல்கந்துரவுக்குத்தான் வழி கேட்பார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட தோட்டம் அது. அவர் உட்கார்ந்த கல்லாசனத்தில் தாங்களும் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள். முப்பது வருசத்துக்கு மேல் இந்தப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்தவன் நான். முல்லோயாவுக்கு வழி கேட்ட ஒருவரையும் கண்டதில்லை.

1940 ஜனவரி 10ஆம் தேதி முல்லோயாவில்தான் பொலிஸ் சுட்டது. சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்களில் கோவிந்தன் செத்தார். விசாரணைக் கமிஷனில் அவர் மனைவிக்காக வாதாடியவர் சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா. அந்தச் சூட்டுக்கு ஆறு மாதம் முன்னால்தான், 1939 ஜூலையில் நேரு கொழும்பு வந்தபோது, இலங்கை இந்திய காங்கிரஸ் பிறந்திருந்தது. துரைக்கும் கங்காணிக்கும் வெளியே தமக்கென்று ஒரு சங்கம் என்ற நினைப்பே அப்போது லயங்களுக்குப் புதிது.

1947 தேர்தலில் தோட்டத்து வாக்கு காங்கிரசுக்கும், மற்ற தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் விழுந்தது. தோட்டத் தமிழரான எங்கள் குடியுரிமை பறிபோனதற்கு மூல காரணம் அந்த வாக்குதான் என்பது என் வாதம். அடுத்த வருசமே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம்; அதற்கடுத்த வருசம் வாக்கும் போயிற்று.

1949இல் இன்னொரு சட்டம்: 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ந்து, கலியாணம் கட்டியவர் 7 வருசம், கட்டாதவர் 10 வருசம் இங்கே இருந்ததாகக் காட்டினால் பிரஜாவுரிமைக்கு மனுப்போடலாம். காங்கிரஸ் முதலில் பகிஷ்கரித்தது. கோபம் நியாயம்தான், ஆனால் கெடு 1951 ஆகஸ்டில் முடியவிருந்தது. மனம் மாறியபோது மிஞ்சியது கொஞ்ச காலமே.

அப்பா சங்கத்தின் தோட்டத் தலைவராக இருந்தார். சந்தா வாங்குவதை விட்டுவிட்டு, இரவிரவாகக் குப்பி விளக்கில் படிவம் நிரப்பினாராம். பெரியசாமியா பெரியண்ணனா என்று கேட்டால் ஆளுக்கே நிச்சயமிருக்காது. செக்ரோல் என்ற தோட்டப் பெயர்ப் பதிவேட்டில் ஒரு பெயர், பிறப்புத் துண்டில் ஒரு பெயர். செக்ரோலோ துரையின் அலுமாரியில். இந்தியாவில் சொந்த ஊருக்குப் போய் ஒரு வருசத்துக்கு மேல் தங்கியவருக்குத் 'தொடர்ச்சி' அறுந்துவிடும். மனுக்களில் அடங்கியவர்கள் எட்டு லட்சத்துக்கு மேல். கடைசியில் பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு.

குடியுரிமையும் வாக்கும் பறிபோனதை எதிர்த்து 1952இல் கொழும்பில் சத்தியாக்கிரகம் நடந்தது. 1964இல் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தார்கள். பங்கு பிரிக்கப்பட்டவர்களை ஒருவரும் கேட்கவில்லை. 1972இல் கண்டியில் பாதர் போல் கஸ்பர்ஸ் சத்தியோதயம் என்ற நிலையத்தைத் தொடங்கினார். சிங்களப் பிள்ளைகளையும் தோட்டத்துப் பிள்ளைகளையும் ஒரே பாயில் உட்கார வைத்த இடம் அது. தொழிற்சங்கங்கள் செய்யாத வேலை.

மிச்சமிருந்த நாடற்றவர்களுக்கு 2003இல்தான் 35ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமை கொடுத்தது. 1964 அக்டோபர் 30 முதல் இங்கே இருந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் பிரஜைகள். அதற்குள் என் சின்னம்மா குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறி, கோத்தகிரியில் தமிழ்நாடு அரசின் டான்டீ தோட்டத்தில் கொழுந்து பறித்து, அங்கேயே பேரப்பிள்ளையும் கண்டுவிட்டது.