இருப்பியல் வழிக் கருத்துரு மாதிரியாக்கம்

மென்பொருள் எழுதுமுன், அது கையாளப்போகும் உலகில் எவை உள்ளன, எவ்வாறு உள்ளன என்பதை மெய்யியல் துணையோடு வகுத்துக்கொள்ளும் முறை. பீட்டர் சென் 1976இல் தந்த உருபொருள்–உறவு மாதிரி, எது பொருள் என்ற கேள்வியை வடிவமைப்பாளரின் ஊகத்துக்கே விட்டது. மெய்யியலாளர் மரியோ புங்கே 1977இல் வெளியிட்ட இருப்பியல் நூலை வைத்து யாயிர் வாண்டும் ரான் வெபரும் அக்குறையைத் தீர்க்க முற்பட்டனர். மெய்யியலாளர் ஹைடெக்கரைத் துணைக்கொண்டு வினோகிராடும் ஃபுளோரஸும் 1986இல் எழுதிய நூல் வேறு கிளை.

தமிழில் இக்கேள்வி பழையது. மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரில் வைசேடிக மெய்யியல் மரபினனான வைசேடிகவாதி உள்ளவற்றைப் பொருள், குணம், கருமம், சாமானியம், விசேடம், கூட்டம் என ஆறாக வகுக்கிறான். பிரிக்கமுடியாத இணைவான சமவாயத்துக்குக் 'கூட்டம்' என்று பெயரிட்ட அந்நூலாசிரியர் சாத்தனாரின் கைவண்ணம் தனி. பின்வந்தோர் அபாவத்தை, அதாவது இன்மையை, ஏழாவதாகச் சேர்த்தனர். மாதிரியாக்கத்துக்கு மிகவும் உதவுவது இந்த ஏழாவதே.

எடுத்துக்காட்டாக, 1931 முதல் ஓடும் சென்னைக் கடற்கரை–தாம்பரம் மின்ரயிலைப் பார்க்கலாம். பயணி 'வண்டி' என்பது கால அட்டவணையிலுள்ள எண்ணையா, இன்று அந்த எண்ணில் ஓடும் பெட்டித் தொடரான ரேக்கையா? இரண்டையும் ஒரே வரிசையில் பதிந்தால், ரேக் மாறும் நாளில் கணக்கு குழம்பும். தாம்பரத்துக்கு நேராக 'வந்த நேரம்' வெறுமையாக இருந்தால், வண்டி இன்னும் வரவில்லை: முன்னபாவம். தாம்பரம் சானடோரியத்தில் எக்ஸ்பிரஸுக்கு அதே கட்டம் வெறுமை, அது அங்கே நிற்பதே இல்லை: என்றுமபாவம். ரத்தான முன்பதிவின் இருக்கை எண் வெறுமை, முன்பு இருந்து அழிந்தது: அழிவுபாட்டபாவம். தரவுத்தளமோ மூன்றுக்கும் 'நல்' (null, வெற்று மதிப்பு) என்றே எழுதும். தரவுத்தள அறிஞர் எட்கர் காட் 1986இல் அதை இரண்டாகப் பிரித்தார். தருக்க நூலார், ஒன்று மற்றொன்றன்று என்னும் ஒன்றினொன்றபாவத்தையும் கூட்டி இன்மையை நான்காக எண்ணி வெகுகாலமாகிறது.

இந்த மரபைக் கணினிக்குக் கொண்டுவந்தோரில் அண்ணா பல்கலைக்கழகத்தாரும் உண்டு. ஜி. எஸ். மகாலட்சுமி, டி. வி. கீதா முதலியோர் வைசேடிகத்தின் இணைமரபான நியாய தருக்கத்தின் மேல் அமைத்த 'கௌதமா' என்ற இருப்பியல் தொகுப்பி, 2009 ஜனவரியில் சென்னையில் நடந்த தருக்கவியல் மாநாட்டுத் தொகுதியில் இடம்பெற்றது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்து ஏ.யு.–கே.பி.சி. ஆய்வு மையம் பங்குகொண்ட தமிழ்ச் சொல்வலை, மொழியியலாளர் நைடாவின் வழியில் சொற்களைப் பொருள், நிகழ்வு, பண்பு, உறவு என நான்காகப் பிரித்தது. வைசேடிகத்தை நாடியிருந்தால் இன்னும் நுட்பமாக வந்திருக்கும்.

இன்று இத்துறை பெரும்பாலும் இருப்பியல்களை எழுதும் ஓ.டபிள்யு.எல். மொழிக் கோப்புகளிலும் நாலெட்ஜ் கிராஃப் என்னும் அறிவு வரைபடங்களிலும் நடக்கிறது.