மலையேறிய கருவாடு

கிரேக்கத்தை மூன்று பக்கமும் கடல் சூழ்ந்திருக்கிறது, தீவுகளோ ஆயிரக்கணக்கில். ஆனாலும் ஆண்டுதோறும் மார்ச் 25 அன்று அந்நாட்டு வீடுகளில் எண்ணெய்ச் சட்டியில் பொரிவது பெரும்பாலும் அந்தக் கடலின் மீன் அல்ல. வட அட்லாண்டிக்கின் குளிர்நீரில் வாழும் காட் மீனை உப்பிட்டு உலர்த்திய கருவாடு அது. பக்கலியாரோஸ் என்பார்கள், தொட்டுக்கொள்ள ஸ்கோர்தலியா என்ற பூண்டு விழுது. கடலோர நாடு தன் தேசியத் திருநாளுக்கு எங்கிருந்தோ வந்த கருவாட்டைப் பொரிப்பதற்கு ருசி மட்டும் காரணமாக இருக்க முடியாது. வீட்டுச் சமையலின் வரலாற்றில் பக்கத்துக் கடலைவிட நோன்பு நாட்காட்டிக்கும் வணிகக் கப்பலுக்கும் பங்கு அதிகம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

மீன் பொரிப்பது கிரேக்கர்களின் பழங்காலத்து வழக்கமாயிற்றே, இதில் கப்பலுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் கேலா நகரைச் சேர்ந்த ஆர்கெஸ்ட்ராடஸ், எந்த ஊரில் எந்த மீன் நல்லது என்பதைச் செய்யுளாகவே எழுதினார். ஏதென்ஸை அடுத்த ஃபலேரோன் கரையின் பொடிமீனைச் சுடச்சுட எண்ணெயில் பொரிக்கச் சொன்னவர் அவர். நல்ல மீன்மேல் பாலாடைக்கட்டியைக் கொட்டிக் கெடுக்கும் சிரக்கூஸ் சமையல்காரர்களைக் கண்டித்தவரும் அவரே. ஆனால் அவருடைய வரிகளை நமக்குக் காப்பாற்றித் தந்த பிற்கால எழுத்தாளர் அதீனியஸின் விருந்து நூலிலேயே, மீன் விலையையும் மீன் வியாபாரிகளின் அடாவடியையும் நொந்துகொள்ளும் நாடகக் கவிஞர்களும் இருக்கிறார்கள். நல்ல பச்சைமீன் அன்றைக்கே காசுள்ளவர் பண்டம். கிழக்கு மத்தியதரைக் கடல் ஊட்டச்சத்து குறைந்த கடல். வட அட்லாண்டிக்கைப் போல அள்ளித் தராது. நாட்டின் பெரும்பகுதியோ மலை. ஐஸ் பெட்டி இல்லாத காலத்தில் மலையூருக்குக் கோவேறு கழுதைமேல் பச்சைமீன் போய்ச் சேராது. பொரிக்கும் சட்டி பழையதுதான். எல்லா ஊர்ச் சட்டிக்கும் எட்டுகிற மீன் பிற்காலத்தில்தான் வந்தது.

அந்த மீனுக்கு ஒரு நாள் குறித்துக் கொடுத்தது திருச்சபை. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பில் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் இறைச்சி, பால், முட்டையோடு மீனையும் விலக்குகிறார்கள். ரத்தமில்லாதவை என்ற கணக்கில் கணவாய்க்கும் இறாலுக்கும் தடையில்லை. மீனுக்கு விலக்கு இரண்டே நாள்: குருத்து ஞாயிறு ஒன்று, மார்ச் 25இல் வரும் மங்கள வார்த்தைத் திருநாள் மற்றொன்று. 1821இல் ஒட்டோமான் ஆட்சிக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியின் நினைவு நாளாகவும் இதே மார்ச் 25ஐ 1838இல் அரசாணை அறிவித்தது. நோன்பின் விலக்கு நாளும் நாட்டின் விழா நாளும் ஒன்றாகிவிட்டன. திருச்சபை மீன் என்றுதான் சொன்னது, கருவாடு என்று சொல்லவில்லையே என்பது அடுத்த மறுப்பு. உண்மைதான். ஆனால் ஒரே நாளில் நாடு முழுவதும் மீன் கேட்டால் எந்த வலை தாங்கும்? மளிகைக் கடையில் முன்கூட்டியே வாங்கி வைத்துக் காத்திருக்கக்கூடிய மீனால்தான் அது முடியும்.

காட் மீனில் கொழுப்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கொழுப்புள்ள மீன் காயும்போது சிக்கெடுக்கும். இது அப்படியில்லை, மாதக்கணக்கில் நிற்கும். நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் காய்ந்த மீனை மத்தியதரைத் துறைமுகங்களில் இறக்கிவிட்டு, ஒயினும் எண்ணெயும் உலர்திராட்சையும் ஏற்றிச் செல்வது ஆங்கிலேயக் கப்பல்களுக்கு லாபமான சுற்றாக இருந்தது. 1592இல் உருவான ஆங்கிலேய வணிக நிறுவனமான லெவண்ட் கம்பெனி, அன்று வெனிஸின் கீழிருந்த ஸாகிந்தோஸ், கெஃபலோனியா தீவுகளின் கருந்திராட்சையை நாடி வந்தது. பின்னாளில் அந்தத் திராட்சை கிரேக்கத்தின் முதன்மை ஏற்றுமதியானது. 1893இல் அதன் விலை சரிந்ததையொட்டி அரசே திவாலானது. நாட்டின் பிழைப்பையே வடக்கத்திய சந்தையோடு கட்டிப்போட்ட இந்த வணிகத்தின் மறுமுனைதான் மலையூர் அடுப்பில் பொரிந்த கருவாடு.

கைப்பக்குவத்திலும் இந்த வரலாறு பதிந்திருக்கிறது. கருவாட்டைத் துண்டுபோட்டு, ஒரு நாளிலிருந்து இரண்டு நாள் வரை தண்ணீரில் ஊறவைத்து, பலமுறை தண்ணீர் மாற்றி உப்பை இறக்குகிறார்கள். முள் நீக்கி, ஈரம் ஒற்றி, மாவுக் கரைசலில் தோய்த்து நிறைய எண்ணெயில் பொரித்தால் மேலே மொறுமொறுப்பும் உள்ளே ஏடேடாகப் பிரியும் சதையும் கிடைக்கும். உப்பில் இறுகிய அந்தச் சதைக்கு ஈடுகொடுப்பது பூண்டின் காரம்: உப்புடன் உரலில் இடித்த பூண்டு, ஊறிய ரொட்டி அல்லது மசித்த உருளைக்கிழங்கு, சிறுகச் சிறுகச் சேர்க்கும் ஆலிவ் எண்ணெய், கடைசியில் வினிகர். இதில் உருளைக்கிழங்கும் புதுவரவே; அதைக் கிரேக்க அரசின் முதல் தலைவர் கபோதிஸ்திரியாஸ் 1828க்குப் பிறகுதான் பயிரிடச் செய்தார். ஸாகிந்தோஸ், கெஃபலோனியா அடங்கிய அயோனியத் தீவுகளின் ஸவோரோ என்ற மீன் உணவும் இதே வணிகக் கதையைச் சொல்கிறது. மாவு புரட்டிப் பொரித்த சிறுமீன்மேல் பூண்டு, ரோஸ்மேரி, வினிகர், சில வீடுகளில் கருந்திராட்சையும் சேர்ந்த குழம்பை ஊற்றினால் சில நாள் கெடாது. வெனிஸ்காரர்களின் ஸஓர் இதற்கு நெருங்கிய உறவு; 1797 வரை அத்தீவுகள் வெனிஸின் ஆட்சியில் இருந்தன.

அப்படியானால் இது கிரேக்கச் சமையலே அல்ல, இரவல் என்று சிலர் முடிவுகட்டலாம். அந்த அளவுகோலைப் பிடித்தால் உலகத்தில் எந்த அடுப்பிலும் சொந்தச் சமையல் மிஞ்சாது. வந்த மீன் ஒரு சரக்கு. அதை எந்த நாளில் சமைப்பது, எத்தனை முறை தண்ணீர் மாற்றுவது, எதைத் தொட்டுக்கொள்வது என்பதையெல்லாம் வகுத்தவை கிரேக்க வீடுகள். பச்சைமீனுக்கு மாற்றாக வந்ததால் இது தரம் குறைந்தது என்ற எண்ணமும் தவறு. ஆர்கெஸ்ட்ராடஸின் பொடிமீன் கரையோரத்துக்காரர் இன்பமாக இருந்தது. கருவாடோ மலைக்குடியானவருக்கும் துறைமுக வணிகருக்கும் ஒரே நாளில் ஒரே உணவைப் பரிமாறியது. தேசிய உணவு என்ற தகுதியை அது பெற்றது அதனால்தான்.