விலங்கோவியமும் பெற்றோர் பரிவும்

கொழும்பில் 1752 முதல் 1757 வரை ஒல்லாந்தத் தேசாதிபதியாக விளங்கிய லோட்டன், இலங்கையிற் பிறந்த டி பெவரேயைக் கொண்டு இந்நாட்டுப் பறவைகளை நீர்வண்ணத்தில் தீட்டுவித்தார். ஒவ்வோர் இனத்தையும் பிரித்தறியச் செய்தலே அவ்வோவியங்களின் தலையாய நோக்கம். உயிரினங்களின் உணர்வைத் தேடுவோர் அவற்றுக்கு முந்திய மொகலாய ஓவியங்களை நாடுதல் வேண்டும்.

அபுல் ஹசன் ஏறத்தாழ 1605–1610இல் தீட்டியதாகக் கருதப்பெறும் சினார் மரத்து அணில்கள் ஓவியம் இலண்டன் பிரித்தானிய நூலகத்தில் உளது. கிளைதோறும் அணில்கள், அடிமரத்தில் ஏற முயலும் ஒரு மனிதன். அங்கே அச்சத்தையும் காக்கும் பரிவையும் காண மனம் விழையும். ஆயின் தோற்றம் ஒன்றையே கொண்டு உணர்வைத் துணிதல் பொருந்துமா?

அவ்வோவியனைப் புரந்த ஜஹாங்கீரின் தன்வரலாறு இதற்கு விடை தருகின்றது. அவன் வளர்த்த லைலா, மஜ்னூன் என்னும் சாரசப் பறவையிணை 1618இல் அகமதாபாத்தில் குஞ்சு பொரித்தது. இரவெல்லாம் பெடை அடைகாக்க, சேவல் அருகே நின்று காவல் புரிந்தது. விடியலில் அது பெடையின் முதுகை அலகால் வருடும். பெடை எழ, சேவல் அமரும். குஞ்சுகள் வெளிவந்தபின் சேவல் அவற்றைத் தலைகீழாகக் கவ்வித் தூக்கியது. பகையென ஐயுற்ற மன்னன் அதனைப் பிரித்து வைத்தான். பின்னர்ச் சோதித்தறிய மீண்டும் விடுத்தபோது, அச்செயல் அன்பின்பாற்பட்டதென்றும், தந்தையின் பரிவு தாயின் பரிவிற் குறைந்ததன்றென்றும் தெளிந்தான்.

அலகில் தொங்கும் குஞ்சை மட்டும் ஓர் ஓவியன் தீட்டியிருப்பின், பிற்காலத்தார் அதனைக் கொடுமையென்றே கொண்டிருப்பர். ஆதலின், ஓவியத்தையும் அக்கால எழுத்துச் சான்றையும் ஒருங்கே வைத்து ஆராய்தல் வரலாற்று மாணவர் கடனாம்.