பேரு ஐகோ, உள்ள பிஎன்ஜி

போன மாசம் திருமழிசை சிட்கோ எஸ்டேட்ல ஒரு சின்னப் பட்டறைக்கு நான் எழுதின பில்லிங் புரோகிராமைப் போடப் போனேன். அவங்க குடுத்த லோகோவை ஐகானா வெச்சதும் புரோகிராம் திறக்கவே மாட்டேன்னுது. அதே ஃபைல் பிரவுசர்ல பளிச்னு தெரியுது! பார்த்தா, யாரோ பிஎன்ஜி படத்தோட பேரை மட்டும் '.ஐசிஓ'ன்னு மாத்தியிருக்காங்க.

ஐசிஓ, 1985-ல வந்த விண்டோஸ் 1.0 காலத்துச் சரக்கு. நிஜ ஐகான் ஃபைல் 0, 0, 1, 0 என்ற நாலு பைட்டோட ஆரம்பிக்கும். 1999-ல இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 'ஃபேவிகான்.ஐசிஓ'வைத் தேட ஆரம்பிச்சதும் ஆளாளுக்கு ஐகான் தேவைப்பட்டது. பேரை மாத்தின ஃபைலையும் பிரவுசர்கள் உள்ள பார்த்துக் காட்டிடும். அதனால தப்பு வெளியவே தெரியல. டெஸ்க்டாப் புரோகிராம் அவ்வளவு தாராளம் இல்ல.

ஆனா பிஎன்ஜியை உருவாக்கினவங்க கெட்டிக்காரங்க. முதல் எட்டு பைட்டுமே கையெழுத்து: 137, அப்புறம் பி, என், ஜி, பிறகு 13, 10, 26, 10. வழியில யாராவது வரி முடிவைக் குலைச்சா அந்த 13, 10 உடனே காட்டிக் குடுத்துடும். பேர் பொய் சொன்னாலும் முதல் எட்டு பைட் பொய் சொல்லாது. என் புரோகிராம்லயும் இப்ப பேரைப் பார்க்கிறதில்ல, பைட்டைத்தான் பார்க்கிறேன்.

நம்ம தமிழுக்கு அந்தக் கையெழுத்து கிடைக்கல. 90-கள்ல பாமினி எழுத்துருல 'தமிழ்'னு அடிச்சா, ஃபைலுக்குள்ள இருக்கிறது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. கம்ப்யூட்டரைக் கேட்டா 'இது இங்கிலீஷ்'னு சொல்லும். வேற எழுத்துருல வேற கணக்கு. 1999 பிப்ரவரியில சென்னையில நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுல இதை ஒழுங்குபடுத்தப் பேசினாங்க. தமிழக அரசு யூனிகோடை ஏத்துக்கிட்டது 2010-லதான்.

பூந்தமல்லியில டிடிபி கடை வெச்சிருந்த என் மாமா, தெருவோட கதையை எழுதி ஒரு சிடியில வெச்சிட்டுப் போனார். வெறும் டெக்ஸ்ட் ஃபைல், எழுத்துரு பேர்கூட இல்ல. பாமினியா மாத்திப் பார்த்தேன், குப்பை. டிஸ்கியா மாத்தினேன். மூணாவது வரியில 'குளத்தங்கரை'ன்னு வந்துச்சு. அத்தையைக் கூப்பிட்டுப் படிச்சுக் காட்டினேன்.