சொப்பு

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்கு அரசுப் பெயர் குபேர் அங்காடி. முதல் முதலமைச்சர் எதுவார் குபேரின் நினைவாக வைத்தது. ஊர் வாயில் அது பெரிய மார்க்கெட்தான். அங்கே வீட்டுக்கு வாங்கும் குடம், அண்டா, சட்டி, அடுப்பு எல்லாவற்றுக்கும் உள்ளங்கை அளவில் ஒரு குட்டி உண்டு. அதுதான் சொப்பு.

சொல்லின் மூலம் செப்பு. செம்பு என்ற உலோகத்துக்கும் அந்தப் பெயர், மூடியுள்ள சிமிழுக்கும் அதே பெயர். திருக்குறளில் உட்பகை அதிகாரத்தில் வருவது இந்தச் சிமிழ்தான்: மூடியும் செப்பும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் உள்ளே ஒட்டுவதில்லை. பெட்டி பேச்சில் பொட்டி ஆவதுபோல், செப்பு சொப்பு ஆனது.

பழைய மரச்சொப்பைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். கடைசலில் சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகிச் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக வளையம் வளையமாகப் படியும். அம்மி, குழவி, உரல், உலக்கை, திருகை என முழுச் சமையலறையும் ஓர் ஓலைப்பெட்டிக்குள் அடங்கிவிடும். மண்சொப்பும் உண்டு, புதுச்சேரியை அடுத்த வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது.

திருகையும் உரலும் வீட்டைவிட்டுப் போய்விட்டன. இன்று பல பிள்ளைகள் அவற்றின் பெயரைக் கற்பதே சொப்பில்தான். சொப்புப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்க இந்த ஒரு காரணமே போதும்.